ரெங்கராஜ் அண்ணன் கை நடுங்கவில்லை

பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய்தான். அதை நம்பி ஒரு மனிதர் தன் சொந்தக் கைகளையே நம்பாமல் போய்விட்டார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? மன்னிக்க வேண்டியவர் உறையூரில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் வந்து நிற்கிறேன். கோழைக்கு இதுதானே வசதி!

என் தொழில் துப்பாக்கிக் கட்டைக்கு மெருகு போடுவது. சிரிக்காதீர்கள், திருச்சியில் அப்படியும் ஒரு தொழில் உண்டு. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடை. காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளும், பேங்க் வாசலில் நிற்கும் காவலாளிகளும் வருவார்கள். இரும்பு வேலைக்கு வேறு ஆள். மரம் மட்டும் என்னுடையது. இது நடக்கும்வரை, இருபத்திரண்டு வருடத்தில் என் கை பட்ட கட்டை ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. என் கைக்கு அப்படி ஒரு பெயர்... அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

துப்பாக்கி என்றால் எல்லோரும் குழலைத்தான் பார்ப்பார்கள். குழல் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். மரம் அப்படியில்லை. வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் ஈரத்தைக் கண்டால் குடிக்கும், குடித்து உப்பும், வெயில் வந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி ஒருநாள் பிளக்கும். அதற்குத்தான் எண்ணெய். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டுக் காயவிட வேண்டும். ஒருநாளோ இரண்டுநாளோ கழித்து மறுபடியும் தேய்க்க வேண்டும். இப்படி எட்டுப் பத்துத் தடவை. அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

இன்னொன்றும் உண்டு. மரம் அதிகமாகக் குடிப்பது வெட்டுமுனையில்தான். தோளில் வைக்கும் பின்முனையில் ஒரு தகடு இரண்டு திருகாணியில் இருக்கும். அதைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டும். குழல் வந்து உட்காரும் பள்ளத்திலும் ஊற்ற வேண்டும். இரண்டும் வெளியே தெரியாத இடங்கள். செய்தானா இல்லையா என்று யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. செய்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரியும்!

ரெங்கராஜ் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பேங்க் கிளையில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. துப்பாக்கி இல்லாத முன்னாள் ராணுவத்தாரை, பேங்குக்குக் காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி திரும்பிக்கூடப் பார்க்காது. இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை லைசென்ஸ் எடுத்து வாங்கி, அதை வைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார், மகனைத் துபாய்க்கு அனுப்பினார். அண்ணி வேடிக்கையாகச் சொல்வார், "இந்த வூட்ல மூத்த புள்ள அதுதாங்க. அதுக்கு அப்புறந்தான் நாங்கள்ளாம்."

தினமும் உறையூரிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டிப் போவார். துப்பாக்கி கான்வாஸ் உறையில் முதுகில் தொங்கும். ஐப்பசி மழையில் உறை நனையும். நனைந்த உறைக்குள்ளேயே துப்பாக்கியை மூலையில் சாத்தி வைப்பார். குழலுக்குத் தாராளமாக எண்ணெய் போடுவார். குழல் மேலே, கட்டை கீழே. இரும்புக்குப் போட்ட எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி மரத்தின் கழுத்தில் ஊறும். கழுத்து என்று நாங்கள் சொல்வது கையால் பிடிக்கும் அந்த ஒடுங்கிய இடத்தை. இரும்பெண்ணெய் குடித்த மரம் கறுத்து, ஊறின ரஸ்க்கு மாதிரி ஆகிவிடும். பத்துக் காவலாளியில் ஒன்பது பேர் இந்தத் தப்பைச் செய்வார்கள். அதைச் சரிசெய்யத்தான் நான் இருக்கிறேன்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கொண்டுவந்தார். மெருகு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. கழுத்துப் பக்கம் கறுப்பு.

"தம்பி, இருபது நாள் லீவு சொல்லிட்டேன். சம்பளம் கெடையாது, பரவால்ல. அவசரப்படாம நல்லா பண்ணிக் குடுங்க. வார்னிஷ் மட்டும் வேணாம். ஆளிவெத எண்ணதான், லின்சீட் ஆயில். பட்டாளத்துல தெனம் தேய்ப்போம். தகட்டக் கழட்டி உள்ள வுடணும், என்னா?"

சரியாகத்தான் சொன்னார். அட்சரம் பிசகாமல் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடமா? இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு பேங்க் காவலாளி வந்து எனக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பதா? "நாங்க பாத்துக்கறோம்ண்ணே, நீங்க கெளம்புங்க" என்றேன். என் குரலில் இருந்த காரம் அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

அந்தக் கட்டையைப் பதினாறு நாள் நான் தொடவே இல்லை.

ஏன்? ஸ்ரீரங்கத்தில் ஒரு புது வீட்டுக்குக் கதவு, அலமாரிக்கெல்லாம் பாலிஷ் போடும் வேலை கிடைத்தது. கடைக்கு அரைநாள் வந்து தலையைக் காட்டிவிட்டு அங்கே போய்விடுவேன். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தச் சுருக். 'காத்திருக்கட்டுமே... எனக்குப் பாடம் சொன்னாரல்லவா!' என்று மனதின் ஒரு மூலையில் ஒரு சின்னச் சந்தோஷம். எவ்வளவு அற்பம் பாருங்கள்! ஐம்பது வயதுக்காரன்.

பதினேழாம் நாள் கழற்றினேன். கழுத்தில் நகத்தால் அழுத்தினால் பதிந்தது. உள்ளே ஈரம் போகவில்லை. சுண்ணப்பொடியைத் தின்னரில் குழைத்துப் பூசி, வெயிலில் வைத்து, உள்ளே ஊறியிருக்கும் இரும்பெண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். அதற்கே ஒரு வாரம் ஆகும். வானமோ மூடிக்கிடந்தது. கையில் இருந்ததோ மூன்று நாள்.

கறுப்பைத் துடைத்தபோது ஒரு விரிசல் தெரிந்தது. தலைமயிர் கனம்தான். கழுத்தின் அடிப்பக்கம், விரல் மடங்கிப் பிடிக்கும் இடத்தில் சாய்வாக ஓடியது.

அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? போன் இருந்தது, நம்பர் இருந்தது. "அண்ணே, தப்பு என் பேர்ல. இன்னும் ஒரு மாசம் ஆகும், இது கழுத்துல விட்டிருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டக்கூட மாட்டார். ஏஜென்சியில் இன்னும் கொஞ்சநாள் லீவு கேட்டிருப்பார், அவ்வளவுதான்!

நான் மரத்தூளைப் பசையில் குழைத்தேன். விரிசலுக்குப் பட்டி பார்த்தேன். உப்புத்தாள் போட்டு இழைத்தேன். நிறம் கொடுத்தேன். அதன்மேல், வேண்டாம் என்று அவர் சொன்ன அதே வார்னிஷை, சீக்கிரம் காயும் ரகமாகப் பார்த்து மூன்று பூச்சு பூசினேன். ஈரத்தை உள்ளே வைத்து மூடினேன். பின்முனைத் தகட்டின் திருகாணியை நான் தொடக்கூட இல்லை.

பளபளவென்று இருந்தது! அதுதான் கொடுமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களே, அதை நான் மூன்று நாளில் செய்து முடித்தேன்.

இருபதாம் நாள் வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி கணக்கா இருக்கே தம்பி! லின்சீட்தானே?"

"ஆமாண்ணே."

"தகட்டுக்கு உள்ள?"

"எல்லாம் ஆச்சுண்ணே."

எங்கள் முதலாளியம்மா மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், கண்டிப்பானவர். அவரும் "நல்லா வந்திருக்கு" என்றார். ரெங்கராஜ் அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் பெருமையாகத்தான் நின்றேன். நெஞ்சு குறுகுறுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அன்று குறுகுறுக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மழை போயிற்று, பனி போயிற்று. சித்திரை வெயில் வந்தது. திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார்னிஷ் மூடிய பக்கமெல்லாம் ஈரம் வெளியேற வழியில்லை. மூடாத பின்முனை வழியாக மட்டும் மரம் காய்ந்தது. ஒருபக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கு எங்கே போய் நிற்கும்? பலவீனமான இடத்தில்தான்.

ஒரு மத்தியானம். பேங்கிலிருந்து பணப்பெட்டி வண்டிக்குப் போகும் நேரம். ரெங்கராஜ் அண்ணன் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். படக்கென்று ஒரு சத்தம். குழல் வாசற்படியில் விழுந்து உருண்டது. நல்லவேளை, வெடிக்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் அலறி ஓடினார்கள். பணப்பெட்டி தூக்கியவர்கள் அதைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துவிட்டார்கள். கேமராவில் பார்த்தால் அவர் முதுகும் கீழே விழும் குழலும் மட்டும்தான் தெரிகிறது.

மறுநாள் ஏஜென்சியின் சூப்பர்வைசர் அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். மேசைமேல் இரண்டு துண்டுகளையும் வைத்தார்.

"வயசாயிடுச்சு, கை நடுங்குது, கீழ போட்டுட்டாருன்னு பேங்க்ல சொல்றாங்க. இவரு மரம் தானா ஒடஞ்சிச்சுங்கறாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க. தானா ஒடஞ்சிருந்தா வேற கட்ட போட்டுக்கட்டும், வேலைல வச்சுக்கறோம். கைநழுவிப் போட்டிருந்தா... அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

நான் துண்டுகளை எடுத்தேன்.

உடைந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாதி முகம் புதுசாக வெளுப்பு. பாதி முகம் பழைய கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு... நான் வைத்த பட்டி! என் கை அடையாளம் அங்கே கையெழுத்து மாதிரி இருந்தது.

கட்டைவிரலால் அந்தக் கோட்டை மூடிக்கொண்டேன்.

முதலாளியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மரம் தானா ஒடையாதுங்க" என்று என் வாய் சொன்னது. "கல்லுல அடிபட்டுத்தான் இப்படிப் போகும்."

"இல்ல தம்பி" என்றார் அவர். கோபமே இல்லை. "பிடி என் கையிலயேதான் இருந்துச்சு. கொழல்தான் போச்சு. விழுந்த பெறகு பாத்தேன், கட்ட என் கைல இருக்கு. கைநழுவியிருந்தா எல்லாமும்ல விழுந்திருக்கணும்?"

எவ்வளவு சரியான கேள்வி! குழந்தைக்குக்கூடப் புரியும். அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம்.

நான் அவருக்குப் பதில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஆமாம், உட்கார்ந்து யோசிக்காமல், அந்த நொடியிலேயே, வாய் கூசாமல். "நழுவுனதும் பதறிப் புடிக்கப் போயிருப்பீங்கண்ணே. படில பட்டு ஒடஞ்ச அப்புறம் கட்ட மட்டும் கைக்கு அம்புட்டிருக்கும். அதெல்லாம் கண்மூடித் தொறக்கறதுக்குள்ள நடக்கறது. நமக்கு ஞாபகம் இருக்காது."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தன் வலது கையை மேலே தூக்கி, விரல்களை விரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். ஆடவில்லை. அசையவில்லை. பட்டாளத்துக் கை, கல்லில் அடித்த முளை போல நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீங்க தொழில்காரரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் வுட்டிருக்கேன் போல."

அன்றோடு வேலை போயிற்று. அதைக்கூட நான் ஒருவிதமாகச் செரித்திருப்பேன் என்று நினைக்கிறேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். வேறு வேலை தேடிக்கொள்வார், மகன் அனுப்புவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அது வேலையோடு நிற்கவில்லை.

முதலில் ஸ்கூட்டரை விட்டார். கை நடுங்குகிறவன் பாலத்தில் வண்டி ஓட்டலாமா என்று அவரே சாவியைக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தாராம். பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பிறகு முகம் மழிப்பதற்குக் கடைக்குப் போக ஆரம்பித்தார். பிறகு துப்பாக்கியையே எங்கள் கடையில் ஒப்படைத்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அதற்குப் புதுக்கட்டை செய்து போட்டேன். விற்காமல் அலமாரியில் நிற்கிறது. மாதாமாதம் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்து, ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறேன். இப்போது தேய்த்து? யாருக்கு?

அண்ணி ஒருநாள் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வந்தவர் கடை வாசலில் நின்று அழுதுவிட்டார். "பெரிய டாக்டர்கிட்டயே காட்டிட்டோங்க. ஸ்கேன்லாம் எடுத்தாங்க. நரம்புல ஒண்ணுமே இல்ல, கை கல்லு மாதிரி இருக்குன்னுட்டாரு. இவரு கேக்க மாட்டேங்கறாரு. 'டாக்டருக்கு என்ன தெரியும், ஒடஞ்ச கட்டயப் பாத்து ஆசாரி தம்பி சொல்லிட்டாரே'ங்கறாரு. நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லுங்களேன்... அடப்பாவி! கடவுளே வந்து வாசலைத் திறந்துவிட்ட மாதிரி அல்லவா அது? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியாப் போயிடும்ண்ணி" என்றேன்.

போன தை மாதம் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. உறையூரில் அம்மன் கோயிலில் வைத்திருந்தார்கள். அழைப்பிதழை அவரே பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. போனேன்.

வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். மாமனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. தாத்தா மடி இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். மணை போட்டாகிவிட்டது. பத்தர் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ரெங்கராஜ் அண்ணன் பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்மா. ஊசி வைக்கற நேரத்துல எங்கை ஆடிச்சுன்னா புள்ள காது கிழிஞ்சிடும்." சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "தம்பி, நீங்க வாங்க. எனக்குத் தம்பின்னா இதுக்குச் சின்னத் தாத்தா மொறதானே? உங்க கை தொழில்காரக் கை. வாங்க, வந்து ஒக்காருங்க."

"நான் எப்படிண்ணே..." என்றேன். யாரோ தோளைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார்கள். குழந்தை என் மடிக்கு வந்தது. தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. இடது கையால் நெற்றியையும் வலது கையால் தாடையையும் பிடித்துக்கொண்டேன்.

என் கை ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயில் என்பதால் வேண்டுதல் என்று சொல்கிறேன், வேறென்ன சொல்ல? ஒருமுறை ஆடினால் போதும், எல்லார் முன்னாலும் நான் அழுது சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. ஆடவே இல்லை! முதல் காது குத்தும்போது குழந்தை வீரிட்டது. இரண்டாவது காதுக்குத் திமிறியது. என் கை இரும்பாக இருந்தது. பத்தர்கூட "நல்லாப் புடிச்சிருக்கீங்க" என்றார்.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். ரெங்கராஜ் அண்ணன் தூணோரம், குழந்தையிடமிருந்து பத்தடி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குற்றவாளி மாதிரி. அண்ணியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "பாத்தியா, எப்படிப் புடிச்சிருக்காருன்னு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நேராக அவரிடம் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். 'அண்ணே, உங்க கை நடுங்கல' என்று நான்கே வார்த்தை. குழந்தை அழுதபடியே அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது. அவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுக்கவே இல்லை. குனிந்து, அதன் நெற்றியில் தன் நெற்றியை மட்டும் வைத்தார்.

"அவ அம்மாகிட்ட குடுத்துடுங்க தம்பி" என்றார்.

கொடுத்தேன்.

"சாப்புட்டுத்தான் போவணும்" என்று என்னை முதல் பந்தியிலேயே உட்காரவைத்தார். அவர் பரிமாறவில்லை, பக்கத்தில் நின்று எனக்கு என்னென்ன வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பாயசம் போடச் சொன்னார். நான் சாப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, இலையில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல், எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.